ரட்சப்படுவேனா என்று கேட்டவர்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் கண்ணால் ரோட்டைப் பார்ப்பான், முதுகால் கேட்பான். பின்னால் படுத்திருப்பவர் முனகுகிறாரா, பேசுகிறாரா, சத்தமே இல்லையா என்று முதுகு கவனித்துக்கொண்டே இருக்கும். சத்தமே இல்லாமல் போவதுதான் பயம்.

நான் பிறந்தது போனக்காட்டு மலையில், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். ஃபேக்டரி மூடிய பிறகு எங்களைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஜீப் ஓட்டிப் பழகி, வேன் ஓட்டி, கடைசியில் ஆம்புலன்ஸுக்கு வந்தேன். பெரிய ஆஸ்பத்திரியின் எதிர்ச் சுவரோரம் வரிசையாக நிற்கும் வண்டிகளில் ஒன்று என்னுடைய முதலாளியுடையது. மனைவி நாகர்கோவில் பக்கத்துக்காரி. கழக்கூட்டத்தில் ஐ.டி. பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை. ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேரும் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். அவளுக்கு விசுவாசம் உண்டு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு, அவ்வளவுதான்.

இந்த ஊரில் ஆம்புலன்ஸில் ஏறுகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ரட்சப்பெடுமோ?" மலையாளத்தில் அதற்குப் பிழைத்துக்கொள்வேனா என்று அர்த்தம். எங்கள் லயத்துத் தமிழில் பாதி மலையாளம் என்பதால் அங்கேயும் 'ரட்சப்படுவேனா' என்றுதான் கேட்பார்கள். ஹாரன் அடிப்பது மாதிரி யோசிக்காமல் பதில் சொல்லப் பழகியிருந்தேன். "ரட்சப்படுவீங்க, பயப்படாதீங்க." அதே வார்த்தையை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேறு அர்த்தத்தில் கேட்பேன். ரட்சிப்பு, ரட்சகர், ரட்சிக்கப்பட்டவர்கள். இரண்டும் என் மனசில் ஒருநாளும் ஒன்றையொன்று தொட்டதில்லை.

ஒரு மழைக்காலத்து மத்தியானம். ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவரைப் பொன்முடி ரோட்டில் அவர் வீட்டில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு எஸ்டேட் பாதை வந்து சேரும் வளைவில் நாலைந்து பேர் மழையில் நின்று துண்டை வீசினார்கள். நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மழையில் நனைந்திருந்தும் அவருக்கு வேர்த்திருந்தது தெரிந்தது. நாற்காலியோடு தூக்கி வந்து ஏற்றினார்கள். அவர் மனைவி மட்டும் கூட ஏறினார்.

விதுராவில் சின்ன ஆஸ்பத்திரியில் காட்டினோம். இதயம் என்றார்கள். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, உடனே சிட்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கூட அனுப்ப நர்ஸ் இல்லை. பின்னால் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான்.

டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அது திறந்திருந்தது. விதுரா தாண்டி ரப்பர் தோட்டங்களுக்குள் ரோடு வளைகிற இடத்தில் அவர் மாஸ்கை இழுத்து இறக்கியிருக்க வேண்டும். குரல் ரொம்ப அருகில், என் கழுத்துக்குப் பக்கத்தில் கேட்டது.

"தம்பி, நான் ரட்சப்படுவேனா?"

"ரட்சப்படுவீங்க அண்ணாச்சி. பயப்படாதீங்க. இந்தா வந்தாச்சு."

கண்ணாடியில் பார்த்தேன். சரி என்று தலையை ஆட்டினார். பஸ் உண்டா என்று கேட்டு, உண்டு என்று தெரிந்துகொண்ட ஆள் மாதிரி ஆட்டினார். பிறகு படுத்துவிட்டார்.

நெடுமங்காடு தாண்டியதும் அவர் மனைவி அவரைக் கூப்பிடும் குரல் மாறியது. "இங்க பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், "ஏங்க, ஏங்க" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் அதுவும் நின்றது. என் முதுகுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சைரனை நிறுத்தவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா பெஞ்சில் கணவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை.

"போயிட்டாரு தம்பி."

அந்த அம்மாவுடைய தம்பி வந்து சேரும்வரை சுவரோரம் நின்றுவிட்டு வந்தேன்.

என் வண்டியில் செத்தவர்கள் அதற்கு முன்னும் உண்டு. விபத்தில் அடிபட்ட பிள்ளைகள்கூட உண்டு. இரண்டு நாள் சோறு இறங்காது, அப்புறம் சரியாகிவிடும். இவர் மட்டும் ஏன் மனசை விட்டுப் போகவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்கதவைத் திறந்து வைத்து, ஹோஸ் பிடித்து, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து முடித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன். "தம்பி" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஈரத் தரையும் திறந்த கதவும்தான். வெளியே நின்ற யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு காலி வண்டியோடு திரும்பும்போதெல்லாம் கேட்டது. சத்தமாக இல்லை. கேட்டு முடித்த பிறகுதான் கேட்டோம் என்று தெரியும், அந்த மாதிரி. ஜன்னலை மூடிப் பார்த்தேன். இடுக்கில் துணியைச் சுருட்டித் திணித்தேன். பாட்டு போட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் அந்த ஒரு நொடி அமைதிக்காக என் காது காத்துக்கொண்டிருந்தது. வீட்டில் படுத்தால் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் வண்டி விதுரா வளைவில் போய்க்கொண்டே இருக்கும். ஊர் வராது.

பேஷன்ட் ஏறினால் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பிரசவ வலியில் ஒரு பெண்ணை ஏற்றினேன். ரத்தப்போக்கு. அவள் மலையாளத்தில் அதே கேள்வியைக் கேட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுடைய அம்மா ஜன்னலைத் தட்டி, "எந்தெங்கிலும் ஒண்ணு பற மோனே" என்று அழுதார். ஏதாவது சொல்லு மகனே என்கிறார். என்னால் முடியவில்லை. அந்தப் பெண்ணும் குழந்தையும் நன்றாக வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் போன சந்தோஷம்கூட என்னிடம் வந்து சேரவில்லை.

மனைவிக்கு முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். பைபாஸில் லாரிகள் சத்தம். பின்னால் உட்கார்ந்திருந்த அவள் என் காதருகே குனிந்து என்னவோ கேட்டாள். நான், "ரட்சப்படுவீங்க அண்ணாச்சி" என்றேன்.

அவள் தோளைத் தட்டி வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"பெட்ரோல் இருக்கான்னு கேட்டேன். யாருக்குப் பதில் சொன்னீங்க?"

ரோட்டோரத்தில் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "சர்ச்சுக்கு நேரமாகுது, வாங்க" என்றாள்.

அன்றைக்குத் தமிழ் ஆராதனையில் போதகர் பிரசங்கத்தின் நடுவே, "நீ ரட்சிக்கப்பட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். எல்லா வாரமும் கேட்பதுதான். எனக்கு மட்டும் அது அந்த மனிதரின் குரலில் கேட்டது. எழுந்து வெளியே போய்விட்டேன். ஆராதனை முடிந்ததும் மனைவி போதகரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நீங்க சொன்னது பொய் இல்ல பிரதர். ஆறுதல். சாகப்போற மனுஷனுக்கு ஒரு ஆறுதல் கொடுத்தீங்க."

தலையை ஆட்டினேன். ஆனால் எனக்குள்ளே அது பிடிக்கவில்லை. என் கையில் இல்லாத ஒன்றை இருப்பது மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டேன், அவர் அதை நம்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆறுதல் என்று பெயர் வைத்தால் அது சரியாகிவிடுமா?

மனைவிதான் விடாமல் சொன்னாள். "அந்த அண்ணாச்சி வீட்டு அக்காவைப் போய்ப் பாருங்க. இங்க உக்காந்து யோசிச்சா தீராது."

போய் என்ன கேட்பது? வாரக்கணக்கில் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். வண்டி எடுத்துக்கொண்டு போக மனசில்லை. பொன்முடி பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திணறித் திணறி ஏறியது. அந்த எஸ்டேட் வளைவில் இறங்கி, ஈரச் செடிகளுக்கு நடுவே லயத்துக்கு நடந்தேன். நான் வளர்ந்த இடம் மாதிரியே இருந்தது. ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், பாதிக்கு மேல் பூட்டு. மூடுபனி இறங்கி, கடைசி வீடுகள் தெரியவில்லை.

அந்த அம்மா வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார்.

"வண்டிக்காரத் தம்பிதானே? வாங்க, வாங்க. மழையில வந்திருக்கீங்களே."

பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். சுவரில் அவர் கணவரின் போட்டோ. வாலிப வயசில் எடுத்தது, எனக்கு அடையாளமே தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அப்படியா கேட்டாரு?" என்றார் அவர்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லையாக்கா? உங்க பக்கத்துலதானே படுத்திருந்தாரு."

"எனக்குக் கேக்கல தம்பி. நான் அவரு காலைத் தேச்சுக்கிட்டு இருந்தேன். ஐஸு மாதிரி இருந்துச்சு. அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்னதும் கேக்கல."

நான் இத்தனை நாளும் இந்த அம்மா என்னைச் சபித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அந்தக் கேள்வியே தெரியாது. உலகத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான். அது என்னை லேசாக்கவில்லை. வீட்டுக்குள் இருந்த குளிர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது.

அவர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அவரு வேதக்கோயிலுக்குள்ள வரமாட்டாரு தம்பி. எத்தனையோ வருஷம். ஞாயித்துக்கிழமை என்னைக் கொண்டுவிட்டுட்டு வெளிய பலா மரத்தடியில நிப்பாரு. மழைன்னாலும் அங்கதான். உள்ள வாங்கன்னா, எனக்கு யோக்கியதை இல்லன்னுவாரு. என்ன செஞ்சாரு, ஏன் அப்படிச் சொன்னாரு, எனக்குத் தெரியாது. குடிப்பாரு, அதுவும் எல்லாரையும் போலத்தான். கேட்டா பேச்சை மாத்திருவாரு." அடுப்பில் விறகைத் தள்ளினார். "அவரு எதைக் கேட்டாரோ."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். பிழைப்பேனா என்று கேட்டாரா, இல்லை சர்ச்சில் சொல்கிற மற்றதைக் கேட்டாரா? இரண்டுக்கும் ஒரே வார்த்தை. நான் எதற்குப் பதில் சொன்னேன்?

"ரெண்டுல எதைக் கேட்டிருந்தாலும் நீங்க என்ன தம்பி பண்ணியிருக்க முடியும்? வண்டி ஓட்டினீங்க. அதை நல்லா ஓட்டினீங்க." எழுந்து சேலையைச் சரிசெய்தார். "மணி ஆச்சு. இன்னைக்கு வாசிப்பு எனக்கு. வாங்க, ஜெபம் முடிச்சுட்டுப் போகலாம்."

எஸ்டேட் சர்ச் தகரக்கூரை போட்ட ஒரே அறை. போதகர் மாதத்தில் ஒருமுறைதான் மலையேறி வருவாராம். மற்ற வாரங்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் முறை வைத்து வாசிப்பார்கள். ஜமுக்காளத்தில் ஐந்தாறு பேர், எல்லோரும் வயசானவர்கள். நான் கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கதவு வழியாகப் பலா மரம் தெரிந்தது. பனியில் அதன் அடிமரம் மட்டும், பக்கத்தில் யாரோ நிற்பது மாதிரி. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார். சிலுவைப்பாடு. இயேசுவோடு இரண்டு குற்றவாளிகளையும் அறைந்தது, அதில் ஒருவன் என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்டது, இன்றைக்கே என்னோடு இருப்பாய் என்று அவர் சொன்னது. சண்டே ஸ்கூலில் படத்துக்குக் கலர் அடித்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த கதை. வாசிப்பு அவ்வளவு மெதுவாகப் போனதால் ஒவ்வொரு வார்த்தையும் இறங்க நேரம் கிடைத்தது.

கேட்டவன் செத்துக்கொண்டிருக்கிறான். பதில் சொன்னவரும் செத்துக்கொண்டிருக்கிறார்.

அதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. நான் பதில் சொன்னது டிரைவர் சீட்டிலிருந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் போகிறவனாக. இயேசு சொன்னது பக்கத்துப் படுக்கையிலிருந்து. அதே ஆணி, அதே மூச்சுத்திணறல். அந்தக் குற்றவாளியும் யோக்கியதை இல்லாதவன்தான், அவன் வாயாலேயே அதை ஒத்துக்கொள்கிறான். மரத்தடியில்கூட நிற்க இடமில்லாத ஆள். அவனிடம் எதையும் கேட்காமல், வா என்று சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் என் வண்டியின் பின்பக்கத்தில் அன்றைக்கு இரண்டு பேர் மட்டும் இருக்கவில்லை. அந்தக் கேள்வி என் கழுத்தருகே கேட்டதால் என்னைத்தான் கேட்டார் என்று இத்தனை மாதம் நினைத்துவிட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் அவர் பக்கத்திலேயே இருந்தார். என்ன சொன்னாரோ, அது எனக்குக் கேட்காது. கேட்க வேண்டியதும் இல்லை. நான் ரோட்டைப் பார்த்தால் போதும்.

எனக்காகவும் ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. என் வாழ்நாளில் நான் கேட்டதே இல்லை, மற்றவர்கள் கேட்டதற்குப் பதில்தான் சொல்லியிருக்கிறேன். சத்தமில்லாமல் கேட்டேன். லயத்துத் தமிழில், அந்த மனிதர் கேட்ட அதே வார்த்தையில். வானம் திறக்கவில்லை. ஒரு பெரியவர் இருமினார். முன்வரிசையில் ஒருவர் ஜெபத்தை ஆரம்பித்தார். ஊரில் உள்ள எல்லோருக்காகவும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும், காட்டுப்பன்றி தின்றுபோன மரச்சீனிக் கிழங்குக்காகவும்கூட ஜெபித்துக்கொண்டே போனார்.

அந்த ஜெபம் எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது சர்ச்சில் யாருமில்லை. மேலே ஒரு கட்டம்போட்ட கைலி போர்த்தியிருந்தது. கதவில் வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எழுப்ப மனசு வரல தம்பி. சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கினீங்க."

"பஸ்?"

"அது எப்பவோ போயிருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசி பஸ் போய்விட்டது, காலையில் டியூட்டி, முதலாளி கத்துவார். நான் அந்தப் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். மரத்தடியில் பனி நின்றுகொண்டுதான் இருந்தது. இந்த முறை அதைப் பார்க்க முடிந்தது.

அன்றைக்கு லயத்தில் ஒரு வீட்டில் படுத்துவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினேன். மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள், "நல்லாத் தூங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

குரல் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். விதுரா வளைவில் இன்றைக்கும் வரும். மழைநாளில் நிச்சயம் வரும். அந்த அண்ணாச்சி என்ன ஆனார், உள்ளே வந்தாரா, இன்னும் வெளியேதான் நிற்கிறாரா என்று சில நாள் மனசு கேட்கும். எனக்குத் தெரியாத விஷயம் அது. அதைத் தெரிந்தவரிடம் ஜெபத்தில் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுகிறேன். யாராவது ரட்சப்படுவேனா என்று கேட்டால் இப்போது, "உங்களை வேகமா கொண்டுசேக்கிறது என் வேலை. நான் ஜெபிச்சுக்கிட்டே ஓட்டுறேன்" என்கிறேன். மலையாளிகளுக்கு மலையாளத்தில். ஆறுதல் போதாது என்று சிலர் முறைப்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

போன மாதம் கழக்கூட்டம் சிக்னலில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன். காலி வண்டி, சைரன் இல்லை, உச்சி வெயில். பக்கத்தில் பைக்கில் ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்கு என்று புரியாமல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தேன். ஸ்ருதியும் இல்லை, தாளமும் இல்லை. வெட்கமாக இருந்தது. பச்சை விழுந்ததும் அவள் முன்னால் போய்விட்டாள். நான் இரண்டாவது சரணத்தை ஆரம்பித்தேன்.